நாலு டிஸ்கைச் சேர்த்தால் வேலை நாலு மடங்கு கெதியாகுமா?

சுன்னாகத்தில் ஸ்ரூடியோ நடத்துகிறீர்கள். கல்யாணம், சாமத்திய வீடு எல்லாம் நாலு கமராவில் 4கே தரத்தில் எடுத்து, எடிட் செய்து, கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்புகிறீர்கள். 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நாலு கையில் இருக்கிறது. நாலையும் ‘ரெய்ட் 0’ ஆகச் சேர்த்தால் எடிட்டிங் நாலு மடங்கு கெதியாகும் என்று கடைக்காரர் சொன்னாராம். அது உண்மையா, பயப்படாமல் செய்யலாமா, இந்த வெயிலை டிஸ்க் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: ரைம்லைனை இழுத்தால் படம் விக்கி விக்கி வருகிறது, கமராவின் மெமரி கார்ட்டுகளில் இருந்து கொப்பி எடுக்கவே அரை நாள் போகிறது. எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. வேலை எந்த இடத்தில் தேங்குகிறது, அந்த இடத்துக்கு இந்த நாலு டிஸ்கும் மருந்தா?

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நாலு மடங்குக்குக் கிட்ட வருகிற வேலைகள் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் வேலை அந்த வகையில் சேராது என்றே நினைக்கிறேன். நான் இருபது வருடத்துக்கு மேலாக யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சேர்வர்களோடும் அவற்றின் டிஸ்குகளோடும் மல்லுக்கட்டியவன். வீடியோ எடிட்டர் அல்ல. ஆகவே எடிட்டிங் சொப்ட்வெயாருக்குள் எந்த மெனுவில் எது இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். டிஸ்க் பக்கத்தை வடிவாகச் சொல்ல முடியும்.

முதலில் இந்தச் சேர்ப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். 400 ஓலை உள்ள ஒரு சுவடியைப் படியெடுக்க வேண்டும் என்று வையுங்கள். நாலு பேரை இருத்தி, 1, 5, 9ஆம் ஓலைகள் ஒருவருக்கு, 2, 6, 10 அடுத்தவருக்கு என்று மாறி மாறிப் பங்கிட்டுக் கொடுத்தால், நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுதி, தனி ஒருவருக்குப் பிடிக்கும் நேரத்தில் கால்வாசியில் முடித்துவிடுவார்கள். ரெய்ட் 0 செய்கிற ஸ்ரைப்பிங் என்பது இவ்வளவுதான். கொம்பியூட்டர் கோப்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, முதல் துண்டை முதல் டிஸ்கில், இரண்டாவதை இரண்டாவதில் என்று சுற்றிச் சுற்றி எழுதும். துண்டு 64 கிலோபைட்டாக இருக்கலாம், 128 ஆக இருக்கலாம். லினக்ஸின் சொந்த ரெய்ட் கருவி தானாக எடுப்பது 512 கிலோபைட். 64 என்று வைத்தால் 10 ஜிகாபைட் கிளிப் ஒன்று ஏறக்குறைய 1,60,000 துண்டாகும், டிஸ்குக்கு 40,000. இப்போது சுவடிக்குத் திரும்புங்கள். அந்த நாலு பேரில் ஒருவர் தன் கட்டோடு காணாமல் போய்விட்டார். 300 ஓலை மிச்சம் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லலாம். ஒவ்வொரு நாலாவது ஓலையும் இல்லாத சுவடியை யார் வாசிப்பது?

வேகம் எங்கே கூடும் என்பதில் சந்தேகமே இல்லை. நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் இன்றைய ஹார்ட் டிஸ்க் ஒன்று, பெரிய கோப்பை ஒரே ஓட்டமாக வாசிக்கும்போது நொடிக்கு 150 முதல் 200 மெகாபைட் வரை தரும். நாலைச் சேர்த்தால் 600, 700 என்று உண்மையாகவே போகும். டிஸ்க் நிரம்ப நிரம்ப இது குறையும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். டிஸ்குக்குள் சுற்றும் தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றுக்கு அதிகத் தரவு அடங்கும், உள் விளிம்பில் குறைவு. கடைசியில் வேகம் பாதிக்குக் கிட்ட வந்துவிடும். புது டிஸ்கில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சந்தோசப்படுகிறவர்கள் ஆறு மாதம் கழித்து ‘டிஸ்க் களைத்துப் போச்சு’ என்று சொல்வது இதனால்தான்.

வேகம் கூடாத இடம் இன்னும் முக்கியம். டிஸ்கில் ஒரு இடத்தைத் தேடிப் போகிற நேரம் இருக்கிறதே, அதை எத்தனை டிஸ்க் சேர்த்தாலும் குறைக்க ஏலாது. 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி. தேவையான துண்டு, தட்டை வாசிக்கும் ஊசிக்குக் கீழே வரும்வரை சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அது 4.17 மில்லிநொடி. ஊசியைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர இன்னும் எட்டு ஒன்பது. ஆக ஒரு தேடலுக்கு 12, 13 மில்லிநொடி. நொடிக்கு 80 தேடல். ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைக் கேட்கும் புரோகிராமுக்கு நாலு டிஸ்க் இருந்தாலும் அதே 80தான். நூறு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு கோப்பு கேட்கும் சேர்வரில் கேள்விகள் நாலு டிஸ்குக்கும் பரவும், அங்கே மொத்தம் கூடும். உங்கள் மேசையில் இருப்பது ஒரு ஆள், ஒரு மவுஸ்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரே கோரிக்கை நாலு டிஸ்கிலும் பிரிந்து கிடந்தால், நாலும் பதில் தரும்வரை காத்திருக்க வேண்டும், அதாவது நாலில் பிந்தி வருபவருக்காக. கணக்குப் போட்டால் சராசரிக் காத்திருப்பு அரைச் சுற்றில் இருந்து ஐந்தில் நாலு சுற்றாகிறது, 4.17 என்பது 6.67 ஆகிறது. அதனால்தான் ஆரம்ப காலத்தில் எல்லா டிஸ்கின் சுழற்சியையும் ஒன்றோடொன்று பொருந்த ஓட வைக்க முயன்றார்கள். இன்றைக்கு வாங்கும் டிஸ்குகள் அப்படி ஓடுவதில்லை, ஒவ்வொன்றும் தன் பாட்டில் சுற்றுகிறது.

இந்த யோசனையின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் அதற்குள் இருக்கிறது. ஸ்ரைப்பிங் பற்றி கென்னத் சேலம், ஹெக்டர் கார்சியா-மொலினா இருவரும் 1986இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு வருடம் கழித்து, 1988இல், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதியதில்தான் ‘ரெய்ட்’ என்ற பெயர் வருகிறது. பெரிய கொம்பியூட்டர்களுக்கான விலை கூடிய ஒற்றை டிஸ்குக்குப் பதிலாக, மலிவான சின்ன டிஸ்குகள் பலவற்றைச் சேர்த்து ஓட்டினால் என்ன என்பதுதான் அவர்கள் கேட்டது. அப்போது ஒரு சின்ன டிஸ்கின் சராசரி ஆயுள் 30,000 மணித்தியாலம் என்று சொல்லப்பட்டது. நூறைச் சேர்த்தால் அதில் ஏதாவது ஒன்று பழுதாவதற்கு 300 மணித்தியாலம், இரண்டு கிழமை கூட இல்லை. ஆகவே வேகம் மட்டும் போதாது, உபரிப் பிரதியும் வேண்டும் என்று முதலாவதில் இருந்து ஐந்தாவது வரை ஐந்து முறைகளை வகுத்தார்கள். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தான ‘R’ (redundant) அந்த உபரியைத்தான் குறிக்கிறது. ரெய்ட் 0 அந்தப் பட்டியலில் இல்லை. உபரி எதுவுமே இல்லாத சேர்ப்புக்குப் பிறகு ஒட்டிய பெயர் அது. பூச்சியம் என்பது பாதுகாப்பின் அளவு என்று நான் பெடியளுக்குச் சொல்வதுண்டு.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். நீங்கள் கமரா மொடல் சொல்லவில்லை. 4கே எடுக்கும் சாதாரணக் கமராக்களில் நொடிக்கு 100 மெகாபிட் என்பது மிகப் பொதுவான அளவு. அதையே எடுத்துக்கொள்கிறேன். பிட்டை எட்டால் வகுத்தால் பைட்: நொடிக்கு 12.5 மெகாபைட். நாலு கமராவையும் ஒரே நேரத்தில் திரையில் ஓட விட்டாலும் 50. ஒரு தனி ஹார்ட் டிஸ்க் 150 தரக்கூடியது. நாலு கோப்புக்கு இடையில் ஊசி தாவித் தாவி வாசிக்க வேண்டியிருப்பதால் அந்த 150 குறையும்தான், ஆனால் விண்டோஸ் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வைப்பதால் 50க்குக் கீழே விழுவது அரிது. ஆக, டிஸ்க் மூச்சுத் திணறுகிறது என்று சொல்ல இந்தக் கணக்கில் இடமில்லை.

அப்படியானால் படம் ஏன் விக்குகிறது? பெரும்பாலும் சுருக்கத்தால். கமராக்கள் வீடியோவைச் சுருக்கும் முறைகளான எச்.264, எச்.265 ஆகியவை ஒவ்வொரு பிரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. ஒரு முழுப் படம், அதற்குப் பிறகு வருகிறவற்றில் மாறியது மட்டும். நீங்கள் ரைம்லைனில் தாலி கட்டும் இடத்துக்கு இழுத்தால், அந்த ஒரு பிரேமைக் காட்டுவதற்கு முன்னால் இருக்கும் முழுப் படத்தில் இருந்து ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு வர வேண்டும். நாலு கமரா என்றால் நாலு முறை. அது புரொசெசரின், கிராபிக்ஸ் கார்ட்டின் வேலை. அதிலும் நிறத் தகவல் கூடிய 10 பிட், 4:2:2 என்ற வகையில் எடுத்திருந்தால், பல கிராபிக்ஸ் கார்ட்டுகளுக்கு அதை வன்பொருளில் விரிக்கத் தெரியாது, முழுப் பாரமும் புரொசெசர் தலையில் விழும். டிஸ்க் நொடிக்கு 7000 மெகாபைட் தந்தாலும் இதில் ஒரு மாற்றமும் வராது.

நான் ஊகிப்பதை நீங்களே சரிபார்க்கலாம், அஞ்சு சதம் செலவில்லை. டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் டிஸ்கையும் சிபியூவையும் பார்த்துக்கொண்டே அந்த விக்குகிற இடத்தை ஓட விடுங்கள். டிஸ்கின் ‘அக்டிவ் ரைம்’ 100 வீதத்தில் ஒட்டிக்கொண்டு, சிபியூ சும்மா 30, 40இல் நின்றால், நான் சொன்னது பிழை; டிஸ்க்தான் காரணம். சிபியூ 90க்கு மேலே போய் டிஸ்க் 20, 30இல் அலைந்தால் டிஸ்கை விட்டுவிடுங்கள். இரண்டும் குறைவாக இருந்து படம் மட்டும் விக்கினால், அதே பக்கத்தில் ஜிபியூவின் ‘வீடியோ டிகோட்’ வரைபடத்தையும் ராம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சிபியூ, ஜிபியூ பிரச்சினை என்றால் புரொக்ஸி செய்வதுதான் வழி. அதாவது ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்னப் பிரதி ஒன்று செய்து, அதை வைத்து வெட்டி ஒட்டி, கடைசியில் மட்டும் மூலத்துக்கு மாறுவது. இரவு போட்டுவிட்டுப் படுத்தால் விடிய முடிந்திருக்கும், கரண்ட் இருந்தால்.

கார்ட் கொப்பி எடுக்கும் கதை இன்னும் எளிது. அங்கே வாசிக்கும் பக்கம் கார்ட், எழுதும் பக்கம் டிஸ்க். இரண்டில் மெதுவானதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். சாதாரண யூ.எச்.எஸ்.-1 வகைக் கார்ட்டின் உச்சம் நொடிக்கு 104 மெகாபைட், கையில் கிடைப்பது 90 அளவில். உங்கள் கார்ட் ரீடர் பழைய யூ.எஸ்.பி. 2 என்றால் 35 தாண்டாது. 128 ஜிகாபைட் கார்ட் நாலு என்றால் 35இல் கொப்பி எடுக்க நாலு மணித்தியாலம். 90இல் ஒன்றரை மணித்தியாலம் சொச்சம். ‘அரை நாள்’ என்று நீங்கள் எழுதியதை வாசித்ததுமே எனக்கு ரீடர் மீதுதான் சந்தேகம் போனது. நாலு டிஸ்கைச் சேர்த்து 600 மெகாபைட்டில் எழுதக்கூடிய ஒரு கிடங்கைக் கட்டிவிட்டு, அதற்கு 35 மெகாபைட் குழாயால் ஊற்றுவதில் என்ன பயன்? முதலில் யூ.எஸ்.பி. 3 ரீடர் ஒன்று வாங்குங்கள். கொம்பியூட்டரின் முன்பக்க ஓட்டையில் செருகாமல், மதர்போட்டின் பின்பக்க நீல ஓட்டையில் செருகிப் பாருங்கள். பல கேசிங்குகளில் முன்பக்கம் இன்னும் யூ.எஸ்.பி. 2 தான்.

இன்னொரு கொம்பியூட்டரில் இருந்து வயர் வழியாக இந்த டிஸ்குகளைத் திறக்கும் யோசனை இருந்தால் அதற்கும் இதே கணக்கு. ஜிகாபிட் வயரின் உச்சம் நொடிக்கு 125 மெகாபைட், கிடைப்பது 110 அளவில். ஒரு நல்ல டிஸ்கே அந்த வயரை நிரப்பிவிடும்.

ஸ்ரைப்பிங் இல்லாமல் முடியாது என்ற வேலை எது என்று கேட்டால், அதுவும் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. புரோரெஸ் 422 எச்.கியூ. போன்ற குறைவாகச் சுருக்கிய வடிவத்தில், 4கே, நொடிக்கு 25 பிரேம் என்று எடுத்தால், ஒரு கமராவுக்கு நொடிக்கு 92 மெகாபைட் வரும். நாலு கமரா 370 அளவில். இங்கே சுருக்கத்தை விரிக்கும் பாரம் குறைவு, தரவின் பாரம் கூட. ஒரு ஹார்ட் டிஸ்க் இதற்கு ஈடுகொடுக்காது. நாலு சேர்ந்தால் கொடுக்கும். சினிமா எடிட்டிங் அறைகளில் டிஸ்க் அடுக்குகள் வைத்திருப்பது இதற்காகத்தான். அங்கே இருப்பதைப் பார்த்து ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்டு, கடைசியில் சாமத்திய வீட்டு வீடியோவுக்கும் அதே மருந்து என்று ஆகிவிட்டது. பெரிய ஆராய்ச்சிக் கொம்பியூட்டர்களில் ஓடும் லஸ்டர் என்ற கோப்பு முறை, ஒரு கோப்பை நூற்றுக்கணக்கான சேமிப்பிடங்களில் பிரித்து எழுத வல்லது. அதுகூட, மாற்றி அமைக்காவிட்டால், ஒரு கோப்பை ஒரே இடத்தில்தான் வைக்கிறது. சின்னக் கோப்பைப் பிரிப்பதில் லாபமில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

இனிப் பயப்படாமல் செய்யலாமா என்ற கேள்வி. ஒரு டிஸ்க் ஒரு வருடத்தில் பழுதாக 5 வீத வாய்ப்பு என்று வைத்தால், இரண்டு சேர்ந்த ரெய்ட் 0 போவதற்கு 9.75 வீதம், நாலு சேர்ந்தால் 18.5 வீதம். ஐந்து வருடத்தில் ஒரு முறை என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கூட்டல் பெருக்கல் உறுதியானது. அந்த 5 என்ற எண் மட்டும் உறுதியில்லை. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் டிஸ்குகளின் பழுது விபரத்தைத் தொடர்ந்து வெளியிடுகிறது, அண்மைய வருடங்களில் அது 1 முதல் 2 வீதத்துக்குள் நிற்கிறது. குளிரூட்டிய மண்டபம், நிற்காத மின்சாரம் எல்லாம் உள்ள இடம் அது. 2007இல் பியாங்கா ஷ்ரோடரும் மேலே சொன்ன கார்த் கிப்சனும் பல பெரிய நிலையங்களின் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 2 முதல் 4 வீதம் சாதாரணம், சில இடங்களில் 13 வரை போனது. உங்கள் மேசைக்கு எந்த எண் பொருந்தும் என்பதை யாரும் அளந்து வைக்கவில்லை. 1.5 வீதம் என்று மிகவும் நல்லதாக எடுத்தாலும் நாலு டிஸ்குக்கு ஏறக்குறைய 6 வீதம் வருகிறது.

ஒரு முறை ஒரு ஸ்ரூடியோக்காரர் 8 டெராபைட் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். உள்ளே இருப்பது ஒரு டிஸ்க் என்று அவர் நம்பியிருந்தார். திறந்தால் 4 டெராபைட் இரண்டு, கடையில் இருந்து வரும்போதே ரெய்ட் 0 ஆகச் சேர்த்தது. ஒன்று கிறுக், கிறுக் என்று சத்தம் போட்டது. மற்றதில் ஒரு குறையும் இல்லை. அந்த நல்ல டிஸ்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வீடியோ ஒன்றும் தப்பவில்லை. தப்பியவை ஒரு துண்டுக்குள் அடங்கக்கூடிய சின்ன எழுத்துக் கோப்புகள்: பாட்டுப் பட்டியல், அழைப்பிதழில் இருந்து தட்டச்சு செய்த மணமக்கள் பெயர்கள். மனிசன் அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தார். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாராம். சாமத்திய வீட்டைத் திருப்பி வையுங்கள் என்று யாரிடம் கேட்பது?

வெயிலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2007இல் கூகிள் ஆட்கள் தங்களிடம் இருந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளைப் பார்த்து எழுதியதில், மிதமான சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு இல்லை என்று கண்டார்கள். ஆகவே யாழ்ப்பாணத்து வெக்கையே டிஸ்கைக் கொல்லும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சித்திரை வெயிலில், காற்றாடி இல்லாத கேசிங்கில், நாலு டிஸ்கை இடைவெளி விடாமல் அடுக்கினால் அது மிதமான சூடு அல்ல. பெரும்பாலான டிஸ்குகளின் எல்லை 60 பாகை. 50ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். முன்னால் ஒரு 120 மில்லிமீற்றர் காற்றாடி போதும்.

எனக்கு வெயிலைவிட கரண்ட்தான் கவலை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது அவ்வளவு இல்லை என்றாலும் சொல்லாமல் போய் வருவது நிற்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், நாலு டிஸ்கில் இரண்டு எழுதி முடித்து, இரண்டு முடிக்காமல் நிற்கும். கோப்பு முறை தன் பட்டியலைக் காப்பாற்றிக்கொள்ளும், உங்கள் கோப்பின் உள்ளடக்கத்துக்கு அது பொறுப்பில்லை. வேகத்துக்காக விண்டோஸில் ‘ரைட் கேஷ் ஃப்ளஷிங்’ நிறுத்தும் பெட்டியில் சரி போடச் சொல்லி யாராவது சொன்னால், போடாதீர்கள். கரண்ட் போனாலும் பற்றரியில் கொஞ்ச நேரம் ஓட வைக்கும் யூ.பி.எஸ். இல்லாமல் எந்தச் சேர்ப்பும் வேண்டாம்.

மற்ற ரெய்ட் வகைகளை ஓட்டமாகச் சொல்கிறேன். ரெய்ட் 1 என்றால் இரண்டிலும் ஒரே பிரதி. எழுதும் வேகம் கூடாது, ஒன்று செத்தாலும் வேலை நிற்காது. ரெய்ட் 10 அந்தச் சோடிகளை மேலும் பிரித்து எழுதுவது. உங்கள் நாலில் 8 டெராபைட் கிடைக்கும், வேகமும் கூடும், வேகம் கட்டாயம் வேண்டும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். ரெய்ட் 5, ஒரு டிஸ்க் செத்தால் அதில் இருந்ததைத் திரும்பக் கணக்கிட உதவும் சரிபார்ப்புத் தரவையும் டிஸ்குகளில் பரப்பி எழுதும். அதில் 12 டெராபைட் கிடைக்கும், ஆனால் ஒரு சின்ன எழுத்துக்குப் பழைய தரவை வாசி, பழைய சரிபார்ப்பை வாசி, இரண்டையும் புதிதாக எழுது என்று நாலு வேலை. டிஸ்க் ஒன்று போய்ப் புதிதை வைத்தால், மிச்ச மூன்றில் உள்ள 12 டெராபைட்டையும் முழுக்க வாசித்தாக வேண்டும். நொடிக்கு 150 மெகாபைட்டில் புது டிஸ்கை நிரப்பவே ஏழரை மணித்தியாலம். மலிவான டிஸ்குகளின் தாளில் 12.5 டெராபைட் வாசித்தால் ஒரு பிழை வரலாம் என்று போட்டிருக்கும். அந்தக் கணக்கை அப்படியே நம்பினால் பத்து மீட்பில் ஆறு பிழையில் மாட்டும். நடைமுறை அவ்வளவு மோசமில்லை, நான் செய்தவற்றில் பெரும்பாலானவை சிக்கலின்றி முடிந்தன. இருந்தாலும் அந்த ஏழரை மணித்தியாலமும் நெஞ்சு இடித்துக்கொண்டுதான் இருக்கும். எந்த வகையாக இருந்தாலும், தவறுதலாக அழித்த கோப்பை ரெய்ட் திருப்பித் தராது. நீங்கள் அழித்தால் அது எல்லா டிஸ்கிலும் அழகாக அழிக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் நாலு டிஸ்கையும் சேர்க்கவே மாட்டேன். ரீடரை மாற்றுவேன். சுழலும் தட்டே இல்லாத என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி., 1 அல்லது 2 டெராபைட்டில் ஒன்று வாங்கி, இப்போது கையில் இருக்கிற கல்யாணத்தையும் சொப்ட்வெயார் தற்காலிகமாக எழுதும் கேஷ் கோப்புகளையும் அதில் வைப்பேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறை எஸ்.எஸ்.டி. ஒன்றே நொடிக்கு 3000 மெகாபைட்டுக்கு மேல் தரும், தேடும் நேரம் ஹார்ட் டிஸ்கில் நூறில் ஒரு பங்கு. நாலு ஹார்ட் டிஸ்க் சேர்ந்தாலும் கிட்டப் போக ஏலாது. ஹார்ட் டிஸ்க் இரண்டில் முடிந்த வேலைகள், மற்ற இரண்டில் அதே வேலைகளின் பிரதி. அந்தப் பிரதி டிஸ்குகள் ஸ்ரூடியோவில் இருக்காது. வீட்டு அலுமாரிக்குள், கிழமைக்கு ஒரு முறை கொண்டுவந்து புதுப்பித்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். குறைந்தது இரண்டு இடத்தில் கொப்பி ஆகும்வரை கார்ட்டை ஃபோமட் செய்யக் கூடாது என்று உதவிக்கு வரும் பெடியளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

இல்லை, ஆசைக்கு ஒரு முறை செய்துதான் பார்ப்பேன் என்றால், தாராளமாகச் செய்யுங்கள், இரண்டே டிஸ்கில், புரொக்ஸியும் கேஷும் போன்ற திருப்பிச் செய்யக்கூடிய கோப்புகளுக்கு மட்டும். சேர்க்கும்போது டிஸ்கில் இருப்பதெல்லாம் அழியும், அதை மறக்காதீர்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே வேகமாக இருக்கட்டும். மெதுவானதுதான் மற்றதையும் இழுத்துப் பிடிக்கும். மதர்போட்டின் பயோஸில் சேர்ப்பதைவிட விண்டோஸின் ‘ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்’ வழியாகச் சேர்ப்பது நல்லது. மதர்போட் எரிந்தால், பயோஸில் சேர்த்த டிஸ்குகளைத் திறக்க அதே குடும்பத்து மதர்போட் தேடி அலைய வேண்டிவரும். ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் சேர்த்தவற்றை வேறு விண்டோஸ் கொம்பியூட்டரில் செருகினாலே போதும். துண்டின் அளவு எவ்வளவு வைப்பது என்று ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள். பெரிய வீடியோக் கோப்புக்குப் பெரிய துண்டு நல்லது என்பதற்கு மேல் அதில் அடித்துச் சொல்ல ஒன்றுமில்லை. தானாக வருவதை விட்டுவிடுங்கள்.

எஸ்.எஸ்.டி. இரண்டை ரெய்ட் 0 ஆக்கினால் என்ன என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். சோதனைப் புரோகிராமில் எண் இரட்டிக்கும். பல மதர்போட்டுகளில் இரண்டாவது ஓட்டை சிப்செட் வழியாகப் போவதால், மற்ற எல்லாச் சாமான்களோடும் ஒரே பாதையைப் பகிர வேண்டிவரும், அங்கே இரட்டிப்பதும் இல்லை. ரைம்லைனை இழுக்கும் கைக்கு வித்தியாசம் தெரியுமா என்றால், நான் பார்த்த இடங்களில் தெரியவில்லை.

கமரா மொடல், எந்த வடிவத்தில் எடுக்கிறீர்கள், விக்கும்போது டாஸ்க் மனேஜரில் டிஸ்கும் சிபியூவும் காட்டிய எண், கார்ட் ரீடர் யூ.எஸ்.பி. 2ஆ 3ஆ. இந்த நாலையும் எழுதுங்கள் தம்பி. டிஸ்க் 100இல் நின்றது என்று எழுதினீர்கள் என்றால் மேலே சொன்னதில் பாதியை நானே வாபஸ் வாங்கிக்கொண்டு, ரெய்ட் 10 எப்படிக் கட்டுவது என்று விபரமாக எழுதுகிறேன்.